விசிறி இல்லாத கணினியும் வன்னி இரவும்

அம்மம்மாவின் அருவி வெட்டு (நெல் அறுவடை)ப் பாட்டை நான் முதன்முதலில் பதிவு செய்தது ஒரு மாசி மாத இரவில். காலபோக அறுவடை முடிந்து, முற்றம் முழுக்க வைக்கோல் வாசம் நின்ற நேரம். அவருடைய குரல் தளர்ந்திருந்தது, மெட்டு தளரவில்லை. மைக்கை மேசையில் வைத்து, கணினியை ஓடவிட்டு, பத்து நிமிடம் பாடச் சொன்னேன். மறுநாள் ஹெட்போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, பாட்டின் அடியில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு "ம்ம்ம்" ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் பாடும்போது அது பதுங்கியது. மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் தலையைத் தூக்கியது.

இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் போனது, கூடவே மூச்சும் போனது. விசிறியின் இரைச்சல் ஒரே ஒரு சுருதி அல்ல. கீழிருந்து மேல்வரை பரவிக் கிடக்கும் காற்றொலி அது. மூச்சும், "ச", "ஷ" போன்ற எழுத்துகளின் ஒலியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும். கடைசியில் அம்மம்மா தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் சத்தமில்லாத கணினி என்ற விஷயத்தை நான் உண்மையாகத் தேடத் தொடங்கினேன். அதுவரை அது வசதிபடைத்தவர்களின் ஆசை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இலங்கையின் வடக்கே இருக்கும் எங்கள் வன்னி மாதிரி ஓரிடத்துக்கு அது பல வழிகளில் பொருந்துகிறது, சில வழிகளில் பொருந்தவில்லை. இரண்டையும் சொல்லவேண்டும்.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது? மேசைக்கடியில் நிற்கும் சாதாரணக் கணினிக்குள் குறைந்தது மூன்று விசிறி இருக்கும். பவர் சப்ளைக்குள் ஒன்று, புரொசெசரின் தலையில் ஒன்று, கேசிங்கின் முதுகில் ஒன்று. கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் அதில் இன்னும் ஒன்றிரண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுவும் பாடும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு, செக்கனுக்கு 120 சுற்று என்று கணக்கு வரும். அந்த 120 ஹேர்ட்ஸ் அதிர்வு தகரக் கேசிங்கில் ஏறி, மேசையில் இறங்கி, மைக்கின் காலுக்கே வந்துவிடும். கையை மேசையில் வைத்துப் பார்த்தால் உள்ளங்கையிலேயே தெரியும்.

சரி, விசிறி எதற்கு? கணினி இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கணக்குப் போட்டாலும், படம் காட்டினாலும், சும்மா நின்றாலும் முடிவு அதுதான். 100 வாற்று இழுக்கும் கணினி, வெப்பத்தைப் பொறுத்தவரை, மேசைக்கடியில் எரியும் பழைய 100 வாற்றுக் குண்டு பல்ப்தான். வேறுபாடு என்னவென்றால் இங்கே அந்த வெப்பத்தில் பெரும்பங்கு நகக்கண் அளவு சிலிக்கன் துண்டிலிருந்து கிளம்புகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே சூடேறினால் நின்றுவிடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் வந்த 486 வகைப் புரொசெசர்கள் சில வாற்றுகளோடு வாழ்ந்தன. பலவற்றுக்குத் தலையில் விசிறியே கிடையாது. பிறகு வேகப் போட்டி தொடங்கியது. 2004, 2005 அளவில் இன்டெலின் பென்டியம் 4 வரிசையில் சில 115 வாற்று வரை போயின. அந்தக் காலத்துக் கணினிகளை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், சுவிட்சைப் போட்டதும் அறைக்குள் ஹெலி இறங்குவதுபோல் ஒரு எழுச்சி. அந்த இரைச்சலுக்குப் பதிலாகத்தான் அமைதிக் கணினி என்ற நாட்டமும் உலகெங்கும் அதே ஆண்டுகளில் வலுத்தது.

விசிறியின் சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தெரிந்துகொண்டால் பல காசு மிச்சம். சத்தத்தை டெசிபெல்லில் அளப்பார்கள். 10 டெசிபெல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் படும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் அண்ணளவாக 15 டெசிபெல் விழும். அதாவது காதுக்கு அது முன்பிருந்ததில் மூன்றிலொரு பங்குதான். ஆனால் அது தள்ளும் காற்றும் பாதியாகிவிடும். இதற்கு வழி பெரிய விசிறி. ஒரே வடிவத்தில் செய்த விசிறிகளில், தள்ளும் காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 80 மில்லிமீற்றர் விசிறி 2,500 சுற்றில் செய்யும் வேலையை, கணக்குப்படி, 140 மில்லிமீற்றர் விசிறி 500 சுற்றுக்குள்ளேயே செய்துவிடும். ஒன்று கீச்சிடும், மற்றது மூச்சுவிடும். சின்ன விசிறிகள் நிறைய இருந்தால் நல்ல குளிர்ச்சி என்று கடையில் சொன்னால் நம்பவேண்டாம்.

வன்னியில் இன்னொன்றும் சேர்கிறது. மலிவு விசிறிகளின் அச்சு எண்ணெய் ஊறிய உருளைக்குள்தான் சுற்றுகிறது. இங்குள்ள சூட்டில் எண்ணெய் காயும், கிரவல் றோட்டுத் தூசு உள்ளே போகும், ஒன்றிரண்டு வருடத்தில் "கரகர" என்று தொடங்கும். இதற்கு எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. விசிறியைக் கழற்றி, நடுவில் ஒட்டியிருக்கும் வட்டச் ஸ்டிக்கரை நகத்தால் கவனமாக உரித்து, உள்ளே தெரியும் சின்னக் குழியில் ஊசி முனையால் ஒரே ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். ஒரு துளிக்கு மேல் விட்டால் அது வழிந்து ஸ்டிக்கரின் பசையைக் கெடுத்துவிடும், திரும்ப ஒட்டாது. விரலால் இரண்டு முறை சுற்றிவிட்டுப் பூட்டினால் சில மாதத்துக்கு அமைதி. எத்தனை விசிறிக்கு நான் இதைச் செய்திருப்பேன் என்று எண்ணவில்லை.

சத்தம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு ஒரு காரணம், அது மாறிக்கொண்டே இருப்பது. ஒரே சீராக ஓடும் ஒலியை மனம் கொஞ்ச நேரத்தில் தள்ளிவைத்துவிடும். கணினி விசிறி அப்படி இருக்க விடுவதில்லை. ஒரு பெரிய கோப்பைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், பின்னணியில் ஏதோ அப்டேட் வந்தால் காரணம் தெரியாமல் மறுபடி ஏறும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கவனம் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறது. இரவில் தனியே இருந்து எழுதுபவருக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அது எவ்வளவு களைப்பு என்பது, அது நின்ற பிறகுதான் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். 2009க்கு முன் வன்னியில் இருந்த எவருக்கும் "வண்டு" என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆளில்லாத வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. கண்ணுக்கு எட்டாத உயரத்தில், ஒரே சுருதியில், மணிக்கணக்காக இரையும். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல்லோ கிபிர் போர் விமானமோ வரலாம் என்று சனத்தின் காது பழகியிருந்தது. மாமிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வாசலால் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போகட்டும், கோயில் ஒலிபெருக்கி பாடட்டும், ஐப்பசி இடி இடிக்கட்டும், அவரை ஒன்றும் செய்யாது. கணினி விசிறியின் மெல்லிய இரைச்சல் மட்டும் ஆகாது. "தம்பி, உந்த வண்டை ஒருக்கா நிப்பாட்டு" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். உரத்த சத்தத்தைவிட மெல்லிய, விடாத சத்தம் ஒருவருக்கு அதிக பாரமாக இருக்கலாம் என்பதை டெசிபெல் மீற்றர் காட்டாது. மாமியிடம்தான் நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

இரவில் காது சும்மா இருக்கும் ஊரும் அல்ல இது. குளக்கட்டில் ஆட்காட்டிக் குருவி கத்தினால் யாரோ நடக்கிறார்கள் என்று பொருள். காட்டோரக் கிராமங்களில் யானை வந்ததை முதலில் சொல்வது கண் அல்ல, கிளை முறியும் சத்தம். அதைக் கேட்டால்தான் யானை வெடியை எடுக்க நேரம் இருக்கும். காதை அடைக்கும் ஒரு பொருளை வீட்டின் நடுவில் இரவு முழுக்க ஓடவிடுவது இங்கே வெறும் தொல்லை மட்டும் அல்ல.

விசிறியே இல்லாத கணினி புது யோசனை ஒன்றும் அல்ல. 1977இல் வந்த அப்பிள் II கணினிக்கு விசிறி கிடையாது. ஸ்டீவ் ஜொப்ஸ் விசிறிச் சத்தம் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். ஆனால் அதைச் சாத்தியமாக்கியவர் றொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர். அவர் வடிவமைத்த பவர் சப்ளை அன்றைய வழமையான வகையைவிட மிகக் குறைவாகச் சூடானது. வெப்பம் குறைந்தது, அதனால் விசிறி தேவைப்படவில்லை. இந்த வரிசை முக்கியம். 1980இல் வந்த அப்பிள் III இலும் விசிறி இல்லை. அடியில் இருந்த கனத்த அலுமினிய வார்ப்பே வெப்பத்தை வெளியேற்றும் என்று நம்பினார்கள். நெருக்கமாக அடுக்கிய சிப்கள் தங்கள் குழிகளிலிருந்து கழன்று மேலே வரத் தொடங்கின. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போடுங்கள், சிப்கள் திரும்ப இறங்கிவிடும் என்று பாவனையாளர்களுக்குச் சொல்லவேண்டிய நிலை வந்தது. 2000ஆம் ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட கியூப் என்ற கணினி, நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு வழி விட்டு, சூட்டுக் காற்று தானாக மேலே எழும்பும்படி செய்யப்பட்டது. பார்க்க அழகாக இருந்தது, விற்பனை சரிவரவில்லை, ஒரே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

கேசிங்கையே குளிர்விக்கும் கருவியாக்கும் எண்ணம் 2000களின் முற்பகுதியில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொரியாவின் ஸல்மான் நிறுவனம் ரிஎன்என் 500ஏ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. இரு பக்கச் சுவரும் தடித்த அலுமினியச் செதில்கள், உள்ளே வெப்பக் குழாய்கள், எங்கும் விசிறி இல்லை. வெறும் பெட்டியே 25 கிலோவை ஒட்டிய கனம், ஒரு மூட்டை அரிசி. அந்தக் காலத்துப் புரொசெசர்களின் சூட்டைச் சத்தமில்லாமல் விரட்ட அவ்வளவு உலோகம் வேண்டியிருந்தது. இன்றைக்கு ஸ்ட்ரீகொம், ஹெச்டிபிளெக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதே வழியில் சின்னப் பெட்டிகள் செய்கின்றன. ஸ்ட்ரீகொமின் டிபி4 என்ற கனசதுரப் பெட்டியின் நான்கு சுவர்களும் செதில்தான், 65 வாற்றுப் புரொசெசரைத் தாங்கும். 2021இல் நொக்ருவா நிறுவனம் வெளியிட்ட என்எச்-பி1 என்பது பெட்டி அல்ல, புரொசெசரின் மேல் பூட்டும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசிறியில்லாத ஹீற்சிங்க், அதாவது வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகச் செதில் கட்டு.

இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வெளிநாட்டுப் படம் தேவையில்லை. சந்தியில் நிற்கும் ட்ரான்ஸ்போமரை அண்ணாந்து பாருங்கள். அதன் உடம்பைச் சுற்றிக் குழாய்களும் செதில்களும் இருக்கின்றன. உள்ளே சூடான எண்ணெய் மேலே எழும்பி, குழாய் வழியாக இறங்கும்போது ஆறி, அடியில் திரும்பவும் உள்ளே போகிறது. தள்ளுவதற்கு ஒரு மோட்டரும் இல்லை. ஒரு ஊருக்கே கரண்ட் கொடுக்கும் பெட்டி, வெயிலில், வருடக்கணக்காக, விசிறியில்லாமல் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி இருக்கும் செதில்களும் அதே காரணத்துக்குத்தான், ஓடும்போது படும் காற்று அதற்குக் கூடுதல் உதவி. விசிறியில்லாக் கணினியும் இந்தக் குடும்பம்தான். வெப்பம் பிறக்கும் இடம் சின்னது, அதைப் பெரிய பரப்புக்குக் கொண்டுபோய்ப் பரப்பிவிட்டால் மெல்ல நகரும் காற்றே போதும்.

கொண்டுபோவதுதான் கெட்டித்தனம். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். செம்பு அதைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் செம்புக் கம்பிகூட, நீளமாகிவிட்டால், போதாது. அங்கேதான் வெப்பக் குழாய் வருகிறது. 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் இதைச் செயற்படும் வடிவில் செய்து காட்டினார். பார்க்க விரல் தடிப்புக்கும் குறைந்த செம்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சொற்ப நீரை விட்டு இரு முனையையும் அடைத்திருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்த நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே திரும்ப நீராகிறது. இடியப்பம் அவிக்கும்போது மூடியின் அடியில் துளி துளியாகக் கட்டுமே, அதேதான். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 யூல் சக்தி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,200 யூலுக்கு மேல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் அந்த ஆவி சுமந்துகொண்டு போய் மறுமுனையில் இறக்கிவைக்கிறது.

இறங்கிய நீர் திரும்பி வருவது எப்படி? குழாயின் உட்சுவரில் ஒரு திரி இருக்கிறது, பொடிச் செம்பை வாட்டி ஒட்டியது அல்லது நுண்ணிய வலை. போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அடியில் கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு பஞ்சுத் திரி, எண்ணெய் தானாக மேலே ஏறி வந்து எரியும். அந்த ஏறுதல்தான் இங்கேயும். புவியீர்ப்புக்கு எதிராகவும் கொஞ்சத் தூரம் நீரை இழுக்கும். ஆனாலும் சூடான முனை கீழேயும் குளிர்ந்த முனை மேலேயும் இருந்தால் வேலை இலகு.

மூன்று சின்ன விஷயங்களில் இந்தப் பெட்டிகளைப் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். புரொசெசருக்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதில் காற்று நிற்கும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தேர்மல் பேஸ்ட். மெல்லிய பூச்சுப் போதும், அப்பினால் அதுவே தடையாகிவிடும். அடுத்தது செதில்கள் நின்ற வாக்கில் இருக்கவேண்டும். சூட்டுக் காற்று அவற்றின் இடுக்கு வழியாக மேலே போகவேண்டும், பெட்டியைச் சரித்து வைத்தால் வழி அடைபடும். விசிறியோடு வரும் ஹீற்சிங்கில் செதில்கள் நெருக்கமாகவும் விசிறியில்லாததில் ஐதாகவும் இருப்பதும் இதற்காகத்தான். தானாக எழும்பும் காற்றுக்கு நெருங்கிய இடுக்கில் நுழையப் பலம் போதாது. கடைசியாக, இந்தப் பெட்டிகளின் மேல் இருக்கும் பூச்சு வெறும் அழகுக்கு இல்லை. வெறும் அலுமினியம் கதிர்வீச்சாக வெப்பத்தை விடுவதில் மிகச் சோம்பேறி. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஒட்சைட்டுப் படை ஏற்றிய மேற்பரப்பு அதைவிடப் பல மடங்கு நன்றாக விடும். காற்று மெதுவாக நகரும் இடத்தில் இந்தப் பங்கு சின்னதல்ல.

இனி வன்னியின் வெயிலுக்கு வருவோம், ஏனென்றால் வெளிநாட்டு விளம்பரங்கள் பேசாத இடம் இதுதான். விசிறியில்லாத பெட்டிக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. புரொசெசரின் சூடு என்பது அறையின் சூட்டோடு, வாற்றை வெப்பத்தடையால் (ஒரு வாற்றுக்கு எத்தனை பாகை ஏறும் என்ற அளவால்) பெருக்கிக் கூட்டுவது. ஒரு பெட்டியின் வெப்பத்தடை வாற்றுக்கு ஒரு பாகை என்று வைப்போம். 35 வாற்றுப் புரொசெசர் 25 பாகை அறையில் 60இல் நிற்கும், சுகமாக. அதே பெட்டி வைகாசிப் பகலில், தகரக் கூரையின் கீழ் 38 பாகை அறையில், 73. இதுவும் பரவாயில்லை. இப்போது 65 வாற்றுப் புரொசெசரைப் போடுங்கள். குளிர்ந்த அறையில் 90, தகரக் கூரையின் கீழ் 103. பல புரொசெசர்கள் 100 பாகையை ஒட்டியே தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது ஐரோப்பிய வீடொன்றில் ஒழுங்காக ஓடும் பெட்டி வன்னியில் மாங்குளத்தில் நொண்டும். குறை பெட்டியில் இல்லை, அறையில்.

புரொசெசர் தப்பிவிடும், மற்றப் பாகங்கள் பாவம். மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் நிற்கும் உருளை வடிவக் கொள்ளளவிகளின் (கப்பாசிட்டர்) ஆயுள், 10 பாகை கூடும்போது ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னியல்காரர்களின் பழைய கணக்கு. விசிறியில்லாத பெட்டிக்குள் காற்று அசையாமல் நிற்பதால் இவைதான் மெல்ல மெல்ல வேகும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே யாராவது ஒரு மாணவர் இந்தப் பெட்டிகளைத் தகரக் கூரையின் கீழ், ஓட்டுக் கூரையின் கீழ், சீலிங் ஃபேனோடும் இல்லாமலும் அளந்து எழுதினால் எங்களுக்கு எவ்வளவு பிரயோசனம். சீலிங் ஃபேன் மெல்லச் சுற்றினாலே செதில்களின் சூடு நன்றாக இறங்குகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

பொருந்தாத பக்கம் இது. பொருந்தும் பக்கம் இதைவிடப் பெரியது. விசிறி என்பது சத்தம் போடும் கருவி மட்டும் அல்ல, தூசு உறிஞ்சும் கருவியும்தான். கிரவல் றோட்டோரத்து வீட்டில், நெல்லுச் சூடு அடிக்கும் காலத்தில், பதர் பறக்கும் நாட்களில், ஒரு வருடம் திறக்காத கணினியைத் திறந்து பாருங்கள். ஹீற்சிங்கின் மேல் கம்பளி போர்த்தியதுபோல் செம்மண் நிறத்தில் ஒரு படை. அதை இழுத்தால் துணித் துண்டு மாதிரி முழுதாகக் கழன்று வரும். பவர் சப்ளையின் மூலையில் பல்லி முட்டை, கேபிளின் அடியில் எறும்புப் புற்று. ஒரு முறை ஒரு பல்லி மதர்போர்டின் மேல் கருகிக் கிடந்தது, கணினியும் அதோடு போயிருந்தது. சுவரே குளிர்விப்பானாக இருக்கும் மூடிய பெட்டிக்குள் இவை எதற்கும் வழியில்லை. மாரியில் மட்டும் ஈரத்தைக் கவனிக்கவேண்டும். கணினியை வாரக்கணக்கில் போடாமல் விடாதீர்கள், அதன் சொந்தச் சூடே அதைக் காயவைக்கும்.

கரண்ட் விஷயம் இன்னும் முக்கியம். 1990களிலிருந்து போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்கம்பி வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தி கேட்ட சனம். ஒரு வாற்றின் பெறுமதி கையால் தெரிந்த தலைமுறை அது. பிறகு கம்பி வந்தது, 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் வந்தது. விசிறியில்லாத கணினி என்றால் பெரும்பாலும் கரண்டைக் குறைவாகச் சாப்பிடும் கணினி. இன்டெலின் என்100 என்ற சிப் 2023இல் பரவலாக வந்தது. அதன் வெப்பக் கணக்கு 6 வாற்றுத்தான். கட்டுரை எழுத, கணக்கு வைக்க, ஒன்லைன் வகுப்புக்கு, ஒலி திருத்த அது தாராளம். அப்பிள் 2020இல் தன் எம்1 சிப்பை மக்புக் எயரில் விசிறியில்லாமல் வைத்தது, வேகத்தில் விசிறி வைத்த பல கணினிகளை அது முந்தியது. 2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஹீற்சிங்க்கூட இல்லாமல் வெறும் பலகையாகவே ஓடியது.

கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றறி ஒன்றில் 1,200 வாற்று-மணி இருக்கும். ஈய-அமில பற்றறியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆகவே கைக்கு வருவது 600. சின்னக் கணினி 12 வாற்று, மொனிட்டர் 18 வாற்று என்றால் 20 மணித்தியாலம் ஓடும். பல சின்னக் கணினிகள் 12 வோல்ற்றிலேயே ஓடுபவை, இன்வேர்ட்டர் இடையில் தேவையில்லை, அதன் விரயமும் அதன் விசிறியும் இல்லை. அதே பற்றறியில் பழைய டவர் கணினியும் மொனிட்டரும் சேர்ந்து 100 வாற்று இழுத்தால் இன்வேர்ட்டர் விரயத்துக்கு முன்பே 6 மணித்தியாலம்தான். கூரையில் ஒரு சோலார் தகடு போட்ட வீட்டுக்கு இந்த வித்தியாசம் பிள்ளை இரவு படிப்பதா இல்லையா என்ற வித்தியாசம்.

இதனால்தான் தடித்த அலுமினியப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து இறக்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்தப் பெட்டிகள் எனக்குப் பிடிக்கும், அவற்றின் வேலைப்பாடு மதிக்கத்தக்கது. ஆனால் அதிகம் சாப்பிடும் கணினியை அமைதியாக்கச் செலவழிப்பதைவிட, குறைவாகச் சாப்பிடும் கணினியை வாங்குவது மலிவு. றொட் ஹோல்ட் 1977இல் செய்ததும் அதுதான். கடையில் கேட்கவேண்டியவை சில: இது எத்தனை வாற்று இழுக்கும், உள்ளே எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு) ஹார்ட் டிஸ்க்கா, 12 வோல்ற்றில் நேரே ஓடுமா. கேசிங்கில் எத்தனை வண்ண லைற் என்று கடைக்காரர் தானாகவே சொல்லுவார்.

புதிது வாங்க வசதியில்லாதவர்கள் இருக்கும் கணினியையே பெருமளவு அடக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் சத்தத்தில் ஒரு பங்கு அன்றைக்கே போய்விடும். பழைய தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், துடைத்துப் புதிதாகப் பூசினால் விசிறி அவ்வளவு ஏறவேண்டி வராது. பின்னால் இருக்கும் சின்ன விசிறிக்குப் பதில், இடமிருந்தால், பெரியது ஒன்று, மெதுவாக. கேசிங்கின் காலுக்கடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்தாலே மேசைக்கு ஏறும் அதிர்வு நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், 500 சுற்றில் ஓடும் ஒரு பெரிய விசிறியை ஒரு மீற்றர் தள்ளி வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லாததற்குச் சமம். எங்கள் சூட்டில் அந்த ஒன்று பெரிய காப்பும்கூட.

விசிறி எல்லாம் நின்ற பிறகு ஒரு புதுச் சத்தம் வரும், பயப்படவேண்டாம். மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்னோட்டம் மாறும்போது மயிரிழை அளவு அதிரும். திரையில் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் "கிறீச்" என்று மெல்லச் சிணுங்கும். அது முன்பும் இருந்தது, விசிறியின் இரைச்சல் அதை மறைத்திருந்தது. கேபிள் மாற்றி, சார்ஜர் மாற்றிப் பார்த்தால் சில வேளை குறையும். யூபிஎஸ்ஸின் "பீப்" வேறு. கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் அது கத்துவதை நிறுத்த, பலவற்றில் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடித்தால் போதும்.

நான் கடைசியில் எடுத்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, விசிறியில்லாத, முதுகில் செதில் வைத்த சின்னக் கணினி. அதை மேசையில் படுக்கவைக்கவில்லை. இரண்டு ஆணியில் சுவரோடு நிறுத்தி, செதில்கள் நேர்நின்ற வாக்கில், சீலிங் ஃபேன் காற்றுப் படும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அந்த அறைக்குத் தகரத்தின் கீழ் கிடுகு வேய்ந்தோம், சூடு தணிந்தது. மாதத்துக்கொரு முறை பழைய பெயின்ற் பிரஷ்ஷால் செதில்களைத் தட்டுவேன், செம்மண் பொடியாகக் கொட்டும். படத் தொகுப்பு வேலைக்குப் பழைய டவர் இன்னும் இருக்கிறது, அதைப் பகலில் மட்டும், மாமி வயலுக்கோ கோயிலுக்கோ போன நேரமாகப் பார்த்துப் போடுவேன்.

அம்மம்மா இந்த வருடமும் பாடினார். சென்ற தடவை மறந்த இரண்டு வரி இந்தத் தடவை தானாக வந்தது, முன்பு பாடிய ஒன்றை விட்டுவிட்டார். ஹெட்போனில் கேட்டேன். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இடையில் அவர் மூச்சை உள்ளே இழுப்பதும், சேலைத் தலைப்பைச் சரிசெய்வதும், தூரத்தில் குளக்கட்டுப் பக்கம் ஆட்காட்டி ஒன்று இரண்டு தடவை கத்துவதும் பதிவில் இருக்கின்றன.